வேகத்தைக் குறைத்து, காதால் கேட்டு பேஸ் லைன் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் கிட்டார் வாங்கி, நாலு தந்தியின் பெயரும் தெரிந்து, பிடித்த பாட்டின் பேஸ் லைனைக் கேட்டே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து, நாலாவது விநாடியிலேயே மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன், கொஞ்சம் பேருக்குச் சொல்லியும் தருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் கீழே இருக்கின்றன.

பாட்டை மெதுவாக்கிக் கேட்பது குறுக்குவழி ஆகாதா?

ஆகாது. இசைத்தட்டுக் காலத்திலேயே கலைஞர்கள் செய்த வேலைதான் இது. பழைய ரெக்கார்ட் பிளேயர்கள் பலவற்றில் நிமிடத்துக்கு 78, 45, 33⅓ சுற்று என்ற வேகங்களோடு 16⅔ என்று நான்காவது ஒன்றும் இருக்கும். 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டை அதில் போட்டால் சரிபாதி வேகம். ஸ்பூல் டேப் வைத்திருந்தவர்கள் விநாடிக்கு 7½ அங்குலத்தில் பதிந்துகொண்டு 3¾-இல் ஓடவிட்டுக் கேட்டார்கள். ஜாஸ் கற்றவர்கள் முள்ளை ஒரே இடத்தில் தூக்கித் தூக்கி வைத்துத் தட்டையே தேய்த்திருக்கிறார்கள்.

பேஸுக்கு இது மற்ற வாத்தியங்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 100 தாளத் தட்டு (பீட்) ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 600 மில்லி விநாடி. அதைக் கால் கால் பங்காகப் பிரித்து வாசித்தால் ஒரு சுரத்துக்கு 150 மில்லி விநாடி கிடைக்கும். தடிமனான ஈ தந்தியைத் திறந்து, அதாவது விரலால் அழுத்தாமல், வாசித்தால் அது விநாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஆகவே அந்த 150 மில்லி விநாடிக்குள் வெறும் ஆறு அதிர்வு. அதே நேரத்துக்குள் 440 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 440 அதிர்வு) பாடும் ஒரு குரல் 66 முறை அதிர்ந்துவிடும். ஆறு அதிர்வைக் கேட்டு இன்ன சுரம் என்று சொல்லக் காது திணறத்தான் செய்யும். உங்களுக்குக் காது இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காதுக்கு நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் டேப்லேச்சர் (எந்தத் தந்தியில் எந்த பிரெட், அதாவது கழுத்தின் எந்தக் கட்டம், என்று எண்ணால் எழுதியது), நொட்டேஷன் எல்லாம் கிடைக்கிறதே, எதற்குக் கேட்டு எடுக்க வேண்டும்?

தமிழ்ப் பாட்டுக்கு அப்படிக் கிடைப்பது குறைவு. கிடைப்பதிலும் பெரும்பாலும் கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) அடிச்சுரத்தை மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் நான் காதால் எடுக்கச் சொல்வதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எந்த பிரெட்டை அழுத்துவது என்பதை டேப்லேச்சர் சொல்லிவிடும். அந்தச் சுரத்தை எவ்வளவு நேரம் ஒலிக்கவிட்டு எந்த இடத்தில் அடைத்தார்கள் (தந்தியைத் தொட்டு நிறுத்தினார்கள்) என்பதை அது சொல்லாது. பேஸில் பாதி வேலை அந்த அடைப்பில்தான் இருக்கிறது. டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் டிரம்முடன் சேர்ந்து விழுந்து, குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் ஒலிக்கும்போது மௌனமாகும் ஒரு சுரத்தை நீங்கள் ஸ்னேர் மேலும் இழுத்து வாசித்தால், சுரம் சரியாக இருந்தும் பாட்டு கனத்துவிடும்.

சுரமே இல்லாமல் விரல் தந்தியில் பட்டு "டக்" என்று மட்டும் கேட்கும் தட்டுகளும் உண்டு. அவை காதுக்குத்தான் கிடைக்கும்.

வேகத்தைக் குறைத்தால் சுருதியும் இறங்கிவிடாதா?

தட்டிலும் டேப்பிலும் இறங்கும். பாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. 45 சுற்றுத் தட்டை 33⅓-இல் ஓட்டினால் ஐந்து செமிடோனுக்குச் சற்று மேலே இறங்கும், அதாவது கிட்டாரில் ஐந்து பிரெட்டும் கொஞ்சமும். பேஸ்காரர்களுக்கு அது பெரிய தொல்லை. 41 ஹெர்ட்ஸ் இருபதரைக்கு இறங்கினால் அதைச் சுரம் என்றே சொல்ல முடியாது, ஏதோ உறுமுவதுபோல இருக்கும்.

கம்ப்யூட்டரும் போனும் இப்போது வேறு விதமாகச் செய்கின்றன. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இடைவெளி விட்டு அடுக்கி நீட்டுகின்றன. துண்டுக்குள் இருக்கும் அதிர்வு மாறாததால் சுருதி அப்படியே நிற்கிறது, மொத்த நீளம் மட்டும் கூடுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டுத் திரும்பக் கட்டும் இன்னொரு முறைக்கு ஃபேஸ் வோகோடர் என்று பெயர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1966-இல் வெளிவந்த யோசனை அது. இன்று போனில் நாம் விரலால் நகர்த்தும் வேகப் பட்டைக்குப் பின்னால் இந்த இரண்டில் ஒன்றோ, இரண்டின் கலப்போ இருக்கும்.

மெதுவாக்கியதும் பேஸ் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, ஏன்?

துண்டின் அளவுதான் காரணம். ஈ தந்தியின் ஒரு அதிர்வுக்கே 24 மில்லி விநாடி ஆகிறது. துண்டு அதைவிடச் சிறிதாக இருந்தால் அதிர்வு நடுவில் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். பெரிதாக வைத்தால் பேஸ் சுத்தமாக வரும், ஆனால் டிரம்ஸின் அடி முனை மழுங்கிப்போகும். விரல் தந்தியைத் தட்டும் அந்த முதல் கணமும் அதோடு சேர்ந்து கரையும். இரண்டும் ஒரே நேரத்தில் முழுசாகக் கிடைப்பது கடினம்.

ஆகவே ஒரே பகுதியை இரண்டு விதமாகக் கேளுங்கள். சுரம் எது என்று தெரிய பாதி வேகத்தில். எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிய முக்கால் வேகத்தில், அல்லது அதற்கும் மேலே. பாதி வேகத்தில் தாளத்தைக் கணித்தவர்கள் முழு வேகத்தில் அது கொஞ்சம் தள்ளி விழுவதைக் கண்டு குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எந்த ஆப் நல்லது?

செலவில்லாமல் தொடங்க ஆடாசிட்டி என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் போதும். அதில் "சேஞ்ச் டெம்போ" சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும், "சேஞ்ச் ஸ்பீடு" (புதிய பதிப்புகளில் "சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்") பழைய தட்டு மாதிரி இரண்டையும் மாற்றும், "சேஞ்ச் பிட்ச்" சுருதியை மட்டும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி. காதால் எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவற்றில் டிரான்ஸ்கிரைப், அமேசிங் ஸ்லோ டவுனர் இரண்டும் நெடுங்காலமாக இருப்பவை, காசு கொடுத்து வாங்க வேண்டும். யூடியூபிலேயே வேகத்தை 0.75, 0.5 என்று குறைக்கலாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் இரண்டு ஆவர்த்தனத்தை (தாளச் சுற்று) மட்டும் குறித்து லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப, ஓடவிடும் வசதி உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். வேகத்தைக் குறைப்பதைவிட அந்த லூப்பால்தான் அதிகம் கற்பீர்கள்.

பேஸே காதில் விழவில்லை. என்ன செய்வது?

முதலில் போன் ஸ்பீக்கரை விடுங்கள். அந்தக் குட்டி ஸ்பீக்கரால் பேஸின் கீழ்ச்சுரங்களை எழுப்பவே முடியாது. நீங்கள் பேஸ் என்று நினைத்துக் கேட்பது அதன் மேல் எழும் துணை அதிர்வுகளைத்தான், அவற்றை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. பாட்டை ரசிக்க அது போதும். சுரம் எடுக்கப் போதாது, ஸ்தாயி தவறிவிடும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை.

அடுத்தது நான் யாருக்கும் முதலில் சொல்லித்தரும் விஷயம்: வேகத்தைக் குறைப்பதோடு சுருதியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். அதாவது கூட்டல் 12 செமிடோன். 41 ஹெர்ட்ஸ் 82 ஆகிவிடும், கிட்டாரின் தடித்த தந்தி ஒலிக்கும் இடம் அது. காது அங்கே நன்றாக வேலை செய்யும். பாடகர் குரல் அணில் கீச்சிடுவதுபோல ஆகிவிடும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன ஆறு அதிர்வு நினைவிருக்கிறதா? பாதி வேகம், ஒரு ஸ்தாயி ஏற்றம் இரண்டையும் சேர்த்தால் அதே சுரத்துக்குள் 24 அதிர்வு கிடைக்கும். பேஸ் லைன் திடீரென்று எழுந்து முன்னால் வந்து நிற்பதை முதல்முறை கேட்கும்போது மாணவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை.

பாட்டே மெதுவான பாட்டு என்றால் இன்னும் எளிது. "சேஞ்ச் ஸ்பீடு" போட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். சுருதி தானாக ஒரு ஸ்தாயி ஏறும். துண்டு போடும் வேலையே இல்லாததால் ஒலியும் கெடாது.

மூன்றாவது, ஈக்வலைசர், அதாவது ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி. 400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தணித்தால் பாட்டும் வயலினும் ஒதுங்கிப் பேஸ் தெரியும். கிக் டிரம் வந்து மூடினால் நேர்மாறாகச் செய்யுங்கள்: அடியைக் குறைத்து 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை உயர்த்துங்கள். விரல் தந்தியைத் தட்டும் ஓசை அங்கே இருக்கும், அதைப் பின்தொடர்ந்தே தாளத்தை எடுத்துவிடலாம்.

பழைய ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை முழுக்க இடது, முழுக்க வலது என்று ஒதுக்கியிருப்பார்கள். ஒரு காதில் மட்டும் கேட்டுப் பாருங்கள், சில சமயம் அதுவே போதும். ஆனால் குரலை நீக்கும் பழைய கரோக்கி உத்தியைப் பேஸுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது நடுவில் இருப்பதையெல்லாம் அழிக்கும். பேஸும் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், குரலோடு சேர்ந்து போய்விடும்.

ஏஐ வைத்து பேஸை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

உதவும், நானும் பயன்படுத்துகிறேன். இசை ஸ்ட்ரீமிங் நிறுவனமான டீசர் 2019-இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், பேஸ்புக் ஆய்வாளர்கள் செய்த டெமக்ஸ் இரண்டும் பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துத் தரும். இலவசம்தான்.

ஆனால் பிரித்துத் தந்ததை அப்படியே நம்பக் கூடாது. நம் பாட்டுகளில் தபலாவின் இடது கைப் பகுதியான பாயா "கும்" என்று வளைந்து இறங்கும் ஒலி பேஸ் பக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. மிருதங்கத்தின் இடப் பக்கமான தொப்பியும் அப்படித்தான். பேஸ் மேல் ஸ்தாயிக்கு ஏறி ஒரு சங்கதி போடும்போது அதில் பாதி "மற்றவை" பக்கம் போய்விடும், உங்களுக்கு அங்கே வெற்றிடம் கேட்கும். பேஸ்காரர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார் என்று நினைத்து எழுதிக்கொண்டால் பாட்டின் அழகான இடமே போய்விடும். பிரித்ததில் எடுங்கள், பிறகு அசல் பாட்டில் வைத்துச் சரிபாருங்கள்.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

கேட்கும் அளவுக்கு மட்டும். 80 சதவீதத்தில் புரிந்தால் 50-க்குப் போகாதீர்கள். 40-க்குக் கீழே போனால் பெரும்பாலும் ஒலி சிதைவதுதான் மிச்சம்.

சரி, ஒரு பாட்டை எடுத்தால் எங்கே ஆரம்பிப்பது?

கிட்டாரைக் கையில் எடுக்காமல் ஆரம்பியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கையில் வாத்தியம் இருந்தால் விரல் பழகிய இடத்துக்கே ஓடும், காது அதற்குத் தலையாட்டிவிடும். முழுப் பாட்டையும் நிஜ வேகத்தில் நாலைந்து முறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, இடையிசைக்கு வேறு என்று உங்களுக்கே பிரிந்து தெரியும்.

அப்புறம் இரண்டு ஆவர்த்தனத்தை லூப் போட்டு, முதலில் தாளத்தை மட்டும் வாயால் சொல்லுங்கள். கொன்னக்கோல் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இங்கே நல்ல அனுகூலம். தகதிமி, தகிட என்று சொற்கட்டில் விழும் தாளம் நினைவில் நிற்கும். அடிக்காமல் விட்ட இடத்துக்கும் சொல்லில் ஓர் இடம் இருப்பதால் மௌனத்தையும் சேர்த்தே கற்பீர்கள். நான்கு அட்சரத்தில் முதலாவதை விழுங்கி இரண்டாவதில் தொடங்கும் பேஸ் லைனை "ஒன்று, இரண்டு" என்று எண்ணிப் பிடிக்க நான் தவித்திருக்கிறேன். "(த) கதிமி" என்று சொன்னதும் உட்கார்ந்துவிட்டது.

பிறகு சுரத்தோடு பாடுங்கள். குரல் அவ்வளவு கீழே போகாது, உங்கள் ஸ்தாயியில் பாடினால் போதும். பாட வந்தால் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பாட வராத சுரம் எதுவோ அது உங்களுக்கு இன்னும் கேட்கவில்லை, அந்த ஒன்றுக்கு மட்டும் வேகத்தை இன்னும் குறையுங்கள். இதற்குப் பிறகு கிட்டாரை எடுத்தால் தேடுவதற்கு அதிகம் இருக்காது.

நான் பிடித்த சுரம் பாட்டோடு சேரவே இல்லை. இரண்டு பிரெட்டுக்கு நடுவில் நிற்கிறது.

பதிவின் சுருதி நகர்ந்திருக்கும். டேப் 3 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி பாதி பிரெட் ஏறிவிடும், 6 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு பிரெட். கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றி இணையத்தில் ஏற்றிய பழைய பாட்டுகளில் இது சாதாரணம். நான் பழகிய காலத்தில் வேகமாக ஓடும் ஒரு கேசட் டெக்கில் கேட்டு ஒரு பாட்டை முழுக்க ஆறு கட்டை சுருதியில் எடுத்து வைத்திருந்தேன். ஒத்திகையில் எல்லோரும் ஐந்தரையில் தொடங்கினார்கள். திறந்த தந்தியில் வாசித்துப் பழகிய இடமெல்லாம் கையை விட்டுப் போயிற்று, அன்று இரவே முழுப் பாட்டையும் மறுபடி எடுத்தேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் உங்கள் கிட்டாரைத் திருகாதீர்கள். கிட்டார் ட்யூனரின்படி சரியாகவே இருக்கட்டும், பாட்டை நகர்த்துங்கள். ஒரு செமிடோனில் 100 சென்ட். பெரும்பாலான ஆப்களில் பத்துப் பத்து சென்ட்டாக ஏற்றி இறக்கலாம். பாட்டில் நீளமாக நிற்கும் ஒரு சுரத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவே வரும் அலையடிப்பு அடங்கும்வரை நகர்த்துங்கள்.

ஒரே சுரம் மூன்று இடத்தில் இருக்கிறதே, அவர் எந்தத் தந்தியில் வாசித்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திறந்த தந்தி காட்டிக்கொடுக்கும். அது கணீரென்று நீளும், அதிர்வு வளையாது. ஈ 41, ஏ 55, டி 73, ஜி 98 ஹெர்ட்ஸ் என்ற நான்கையும் காதில் ஏற்றிக்கொண்டால் பாட்டில் அவை வரும்போது அடையாளம் தெரியும். தடித்த தந்தியில் மேலே ஏறி வாசித்த சுரம் கொஞ்சம் மந்தமாக, உருண்டையாக இருக்கும். அதே சுரம் மெல்லிய தந்தியில் கூர்மையாக வரும். சறுக்கிப் போகும் இடங்களும் துப்பு தரும், ஏனென்றால் சறுக்கல் ஒரே தந்தியில்தான் நடக்கும்.

மெதுவாக வாசித்தால் வருகிறது, முழு வேகத்தில் கை உருளுகிறது.

மெதுவாக வாசிக்கும்போது எந்த விரல் அமைப்பும் ஓடும், வேகத்தில் ஒன்றிரண்டுதான் ஓடும். ஆகவே சுரத்தை எடுத்த உடனே, ஒரு ஆவர்த்தனத்தை மட்டும் முழு வேகத்தில் தவறாகவாவது ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எந்த இடத்தில் கை தாவ முடியாமல் நிற்கிறதோ அங்கே விரலை மாற்றுங்கள். மாற்றிய விரலோடு மெதுவாகத் தொடங்கி 60, 70, 80 சதவீத வேகம் என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் பிழையில்லாமல் ஐந்து முறை வந்தபிறகுதான் அடுத்தது.

யாருடைய பேஸை முதலில் எடுப்பது?

என் மாணவர்களுக்கு இரண்டு இடம் காட்டுவேன். ஒன்று, இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதிக் கொடுப்பவர் அவர். அந்தப் பேஸ் லைன்கள் கார்டின் அடிச்சுரத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, பாட்டு ஏறும்போது இறங்கி வேறொரு மெட்டாகவே நடக்கும். பாடிப் பழக அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன். 1971 வரை மோடவுன் தட்டுகளின் உறையில் அவர் பெயர் பெரும்பாலும் வந்ததில்லை. 1962-இல் செய்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே வாசித்தார். தந்திகளை மாற்ற மாட்டார். அதனால்தான் அந்த ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், இரண்டு விரலால் நாம் வாசிக்கும்போது ஏன் அந்த நடை வரவில்லை என்பது புரியும். முதல் பாட்டாக அவருடையதை எடுக்க வேண்டாம். பத்துப் பாட்டு எடுத்தபிறகு போங்கள்.

எழுதி வைக்க வேண்டுமா?

வேண்டும், எந்த முறையிலாவது. ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாவிட்டால் ஸரிகம போதும். ஸ எத்தனை கட்டை என்று மேலே குறித்துவிடுங்கள், பாடகருக்காகச் சுருதியை மாற்றும்போது அதையே வைத்து வாசித்துவிடலாம்.

ஒரு பாட்டை முழுதாக எடுத்துவிட்டேன் என்று எப்படித் தெரியும்?

அசல் பாட்டின் பேஸை ஈக்வலைசரால் தணித்துவிடுங்கள், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டினால் போதும். அதன் மேல் முழு வேகத்தில் நீங்கள் வாசித்துப் போனில் பதியுங்கள். ஒரு நாள் கழித்து, கிட்டார் கையில் இல்லாமல், அதையும் அசலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சுரம் தவறிய இடம் உடனே குத்தும். அதைத் திருத்துவது எளிது. சுரமெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு நடக்காமல் நிற்பதுபோல ஓரிடம் தோன்றினால், அந்த இரண்டு ஆவர்த்தனத்தை மறுபடி லூப்பில் போட்டு, இந்த முறை சுரங்கள் எங்கே முடிகின்றன என்பதை மட்டும் கேளுங்கள்.